விமானிக்குப் பட்டம் வேண்டுமா?



இன்றைய வினா எளியது. பயணிகள் விமானத்தை ஓட்டும் விமானியைப் பணியில் அமர்த்துவதற்குக் கல்லூரிப் பட்டம் கட்டாயத் தகுதியாக இருக்க வேண்டுமா? மொழிக்கழகத்தின் சொற்பொழிவு வரிசையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தன் மொழியில் தெளிவாக ஆராய முடியாவிட்டால், அம்மொழி வாழ்த்துரைக்கும் வழிபாட்டுக்கும் மட்டுமே உரியதாகச் சுருங்கிவிடும். ஆகவே, தொழில், கல்வி, செலவு, பாதுகாப்பு ஆகிய நான்கும் சந்திக்கும் இவ்வினாவைத் தமிழில் எடுத்துப் பேசுவது நம் கடமைகளுள் ஒன்றே.

தமிழில் 'பட்டம்' என்னும் ஒரே சொல் காற்றில் பறப்பதையும் குறிக்கிறது. பல்கலைக்கழகம் வழங்குவதையும் குறிக்கிறது. ஒன்று இருந்தால்தான் மற்றொன்று முடியுமா என்பதே நம் ஆராய்ச்சி.

தோட்டமும் வானமும்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் 1998ஆம் ஆண்டு சிப்பாங்கில் திறக்கப்பட்டது. அது சிலாங்கூர் மாநிலத்தைச் சேர்ந்ததாயினும் நம் மாநில எல்லையை ஒட்டியே உள்ளது. அதற்கென ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 10,000 ஹெக்டர் நிலம் அதற்கு முன் பெரும்பாலும் தோட்ட நிலம். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் லாபுவிலேயே, தோட்ட நிலத்தில், குறைந்த கட்டண விமானங்களுக்கான மற்றொரு நிலையம் அமைக்கும் திட்டமும் பேசப்பட்டது. அத்திட்டம் சில வாரங்களில் கைவிடப்பட்டு, சிப்பாங்கிலேயே இரண்டாம் முனையம் 2014இல் திறக்கப்பட்டது.

நீலாய், லாபு, சிரம்பான் வட்டாரத்துப் பிள்ளைகள் விமானங்களைப் பார்த்தே வளர்கிறார்கள். அவ்விமானங்கள் தரையிறங்கும் சக்கரங்களிலும் நம் தொழிலின் பங்கு உண்டு. விமான டயர்களில் இயற்கை ரப்பர் பெருமளவில் சேர்க்கப்படுகிறது. தரையிறங்கும் கணத்தில் எழும் வெப்பத்தையும் அதிர்ச்சியையும் தாங்கும் ஆற்றல் அதற்கு மிகுதி. நம் முன்னோர் உழைப்பின் பயன் விமானத்தின் அடியில் என்றோ இடம்பெற்றுவிட்டது. விமானி இருக்கையில் நம் பிள்ளைகள் அமர்வதற்கு என்ன வேண்டும் என்பதுதான் இப்போதைய கேள்வி. "டிகிரி இல்லாமல் பைலட் ஆக முடியாது" என்று சொல்லக்கேட்டு, படிவம் நான்கிலேயே அந்த எண்ணத்தைக் கைவிடும் மாணவர்கள் உண்டு. "பட்டமே வேண்டாம், பணம் இருந்தால் போதும்" என்று நம்பிக் கடனில் சிக்கும் குடும்பங்களும் உண்டு. இரண்டு நம்பிக்கைகளும் பிழையானவை.

உரிமம் எதை அளக்கிறது?

உலகில் எந்த விமானியும் பட்டத்தைக் காட்டி விமானம் ஓட்டுவதில்லை. உரிமத்தைக் காட்டியே ஓட்டுகிறார். 1944ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையின் வழியே தோன்றியது அனைத்துலகப் பொது வான்போக்குவரத்து அமைப்பு. அவ்வுடன்படிக்கையின் முதலாம் இணைப்பு விமானப் பணியாளர் உரிமங்களுக்கான குறைந்த அளவுகளை வகுத்துள்ளது. ஊதியத்திற்கு விமானம் ஓட்ட உதவும் வணிக விமானி உரிமத்திற்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும். 200 மணி நேரம், அல்லது ஒப்புதல் பெற்ற முழுநேரப் பயிற்சியாயின் 150 மணி நேரம், பறந்திருக்க வேண்டும். பெரிய பயணிகள் விமானத்தின் தலைமை விமானியாவதற்குரிய உயர்நிலை உரிமத்திற்கு வயது 21; பறந்த நேரம் 1,500 மணி. இவற்றோடு எழுத்துத் தேர்வுகளும், பறந்து காட்டும் தேர்வும், முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழும் உண்டு. பல்கலைக்கழகப் பட்டம் அவ்விணைப்பில் எங்கும் கேட்கப்படவில்லை.

மலேசியாவிலும் நிலைமை இதுவே. 2018 முதல் மலேசிய வான்போக்குவரத்து ஆணையம் இவ்வுரிமங்களை வழங்கி வருகிறது. பயிற்சிப் பள்ளிகள் பொதுவாகக் கேட்பது எஸ்.பி.எம். தேர்வில் ஐந்து பாடங்களில் கிரெடிட் தேர்ச்சி. அவற்றுள் ஆங்கிலமும் கணிதமும் ஓர் அறிவியல் பாடமும் அடங்க வேண்டும். இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருத்தல் அடிப்படைத் தகுதியாக இருந்து வருகிறது. இவை பள்ளிக் கல்வியின் எல்லைக்குள் அடங்குபவை.

அப்படியானால் பள்ளிப்படிப்பே போதும் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. உரிமத் தேர்வுக்கான பாடங்களைப் பாருங்கள்: வான்சட்டம், வானிலையியல், வழிகாணல், பறத்தலின் தத்துவம், பொறிகளும் மின்னமைப்பும், எடையும் சமநிலையும், மனிதச் செயல்திறனும் அதன் குறைகளும், வானொலித் தொடர்பு. இவை எளிய பாடங்கள் அல்ல. தொழிலுக்குத் தேவையான அறிவு இங்கே கேட்கப்படாமல் விடப்படவில்லை. பட்டம் என்னும் பெயர் இல்லாமல், தொழிலோடு பிணைத்து அது கேட்கப்படுகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அதுவே நான் முதன்மையாகக் கருதுவது. பட்டம் ஒருமுறை பெறுவது. பின்னர் அதை யாரும் சோதிப்பதில்லை. விமானியின் தகுதியோ திரும்பத் திரும்ப மெய்ப்பிக்கப்பட வேண்டியது. பயணிகள் விமான நிறுவனத்தில் பணிபுரிபவர் ஆண்டுக்கு இருமுறை திறன் சோதனைக்கு உள்ளாகிறார். பொறி பழுதாதல், தீப்பற்றுதல், அழுத்தக் குறைவு முதலிய இடர்கள் சிமுலேட்டரில் உருவாக்கப்பட, அவர் அவற்றைச் சமாளித்துக் காட்ட வேண்டும். மருத்துவச் சோதனையும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. 60 வயதைக் கடந்தோர்க்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை. இத்துணை அடிக்கடி அளக்கப்படும் தொழில்கள் மிகச் சில.

கை அறிந்த அறிவு

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இவ்வகைத் தகுதி புதியதன்று. பால்மரம் வெட்டும் தொழிலை எண்ணிப் பாருங்கள். பால்நாளங்கள் மரப்பட்டையின் உட்பகுதியில், மரத்தை வளர்க்கும் மெல்லிய படலத்திற்கு மிக அருகில் செறிந்துள்ளன. கத்தி ஆழம் குறைந்தால் பால் குறையும். சற்றே ஆழம் மிகுந்தால் அப்படலம் காயம்பட்டுப் புதுப்பட்டை மேடுபள்ளமாக வளரும். இந்த நுட்பத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் சொல்லக்கேட்டவுடன் அது கைக்கு வந்துவிடாது. விடியலின் மங்கிய ஒளியில் நூற்றுக்கணக்கான மரங்களில் பழகியே வரும். தொழிலாளியின் திறமைக்குச் சான்று அந்த மரமே.

விமானம் ஓட்டுவதிலும் இவ்விரண்டும் சேர்ந்தே வேண்டும். விமானத்தின்மீது நான்கு விசைகள் செயற்படுகின்றன: மேலே தூக்கும் ஏற்றவிசை, கீழே இழுக்கும் எடை, முன்னே செலுத்தும் உந்துவிசை, பின்னே தடுக்கும் இழுவிசை. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓரளவுக்கு மேல் கூடினால், காற்று இறக்கையைத் தழுவி ஓடாமல் பிரிந்துவிடும், ஏற்றவிசை சரிந்துவிடும். அப்போது விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினால்தான் மீள முடியும். இது பள்ளி இயற்பியல் படித்த எவருக்கும் விளங்கும்.

2009ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் ரியோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக் கடலில் வீழ்ந்தது. 228 பேர் மாண்டனர். வேகத்தை அளக்கும் குழாய்களில் பனிப்படிகங்கள் அடைத்து வேகமானி தவறியது, தானியங்கி துண்டிக்கப்பட்டது. கையால் ஓட்டத் தொடங்கிய துணை விமானி மூக்கை உயர்த்தியபடியே இருந்தார். ஏற்றவிசை இழந்த விமானம் ஏறத்தாழ மூன்றரை நிமிடங்களில் கடலை அடைந்தது. மேலே சொன்ன இயற்பியல் உண்மையை அறியாதவர் எவரும் அங்கே இருந்திருக்க முடியாது. அறிந்தது அந்த நெருக்கடியில் கைக்கு வரவில்லை. விபத்துக்குப் பின் விமான உலகம் செய்த திருத்தமும் பயிற்சியில்தான்: கட்டுப்பாடிழந்த நிலையிலிருந்து மீளும் பயிற்சி சிமுலேட்டர்களில் வலுப்படுத்தப்பட்டது. பட்டம் கட்டாயமாக்கப்படவில்லை.

முன்னோடிகளின் வரலாறு

விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் இருவரும் உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழ்கூடப் பெறாதவர்கள். இந்தியாவில் முதன்முதலாக விமானி உரிமம் பெற்ற ஜே.ஆர்.டி. டாட்டா, அதை 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் பெற்றார்; அவர் பல்கலைக்கழகம் சென்றவர் அல்லர். 1932ஆம் ஆண்டு அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானத்தை அவரே ஓட்டினார். பம்பாயிலிருந்து சென்னைக்கு அதைக் கொண்டுசேர்த்தவர் நெவில் வின்சென்ட். முன்னோடிகளின் காலம் வேறு, இன்றைய காலம் வேறு என்று நீங்கள் கூறலாம். உண்மையே, இன்றைய விமானம் சிக்கலானது. ஆகவே இவர்களைச் சான்றாகக் காட்டிக் கல்வி வேண்டாம் என்று வாதிடுவது முறையன்று.

மறுபுறத்தையும் பாருங்கள். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் வானூர்திப் பொறியியல் பயின்றவர். இந்திய விமானப்படையில் விமானியாக வேண்டும் என்பது அவருடைய இளமைக் கனவு. டேராடூனில் நடந்த தேர்வில் 25 பேருள் ஒன்பதாவதாக வந்தார், இடங்களோ எட்டு. விமானத்தின் அறிவியலை முறையாகக் கற்ற ஒருவருக்கு விமானி இருக்கை கிட்டவில்லை. ஏவுகணை அறிவியல் கிட்டியது. விமானத்தை அறிதலும் விமானத்தை ஓட்டுதலும் உறவுடைய இரு வேறு தகுதிகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான தமிழ்ச் சான்று தேவையில்லை.

பட்டம் கேட்போர் கூறும் காரணங்கள்

பட்டம் வேண்டும் என்போரின் வாதங்களையும் நடுநிலையோடு நோக்க வேண்டும். அவை மூன்று.

முதலாவது, முதிர்ச்சி. நான்காண்டுப் படிப்பை முடித்தவர் பொறுமையும் ஒழுங்கும் உடையவர் என்பது ஒரு கருத்து. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் முதிர்ச்சியைப் பல்கலைக்கழகம் மட்டும் வளர்ப்பதில்லை. நேர்காணல், உளத்திறன் தேர்வு, குழுவாகப் பணியாற்றும் திறன் சோதனை ஆகியவற்றால் அதை நேரடியாகவே அளக்கலாம்.

இரண்டாவது, விண்ணப்பதாரர் மிகுதி. நூறு இடத்திற்குப் பல்லாயிரம் பேர் வந்தால், பட்டம் ஒரு சல்லடையாகப் பயன்படுகிறது. இது நிறுவனத்தின் வசதிக்கான காரணம். பயணியின் பாதுகாப்புக்கான காரணம் அன்று. இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசும்போதுதான் குழப்பம் விளைகிறது.

இந்தச் சல்லடையின் வரலாறு தோட்ட மக்களுக்குத் தெரியாததன்று. பிரிட்டனிலிருந்து சின்னத்துரைகளாக வந்த இளைஞர்கள் பலர் பட்டதாரிகள் அல்லர். பள்ளிப்படிப்போடு வந்து, இங்கேயே தொழிலைக் கற்று நிர்வாகிகளானவர்கள். 1919இல் தோன்றிய தோட்ட நிர்வாகிகள் கழகம் தொழில்முறைத் தேர்வுகளை நடத்தித் தகுதிச் சான்று வழங்கி வந்துள்ளது. பல்கலைக்கழகத்திற்கு வெளியே, தொழிலுக்குள்ளேயே தகுதியை அளக்கும் முறை அது. அதே தோட்டத்தில் தொழிலாளியின் மகனுக்குக் கிராணி வேலைக்கே ஆங்கிலக் கல்வி வேண்டியிருந்தது; தோட்டத் தமிழ்ப்பள்ளியோ அதை அவனுக்குத் தரவில்லை. யாருக்கு எந்தத் தாள் கேட்கப்படுகிறது என்பது திறமையை மட்டும் பொறுத்ததாக எந்நாளும் இருந்ததில்லை.

மூன்றாவது, மாற்று வழி. விமானியின் தொழில் உடல்நலத்தில் தொங்குவது. இதயத்திலோ கண்ணிலோ ஒரு குறை கண்டறியப்பட்டால் மருத்துவச் சான்றிதழ் போய்விடும். அதனோடு தொழிலும் போய்விடும். 2020இல் பெருந்தொற்று வந்தபோது உலகெங்கும் விமானங்கள் தரையில் நின்றன. நம் நாட்டில் வேலையிழந்த விமானி ஒருவர் சீருடை அணிந்தபடியே உணவுக்கடை நடத்திய படம் உலகச் செய்தியாயிற்று. இத்தகைய நாளில் பட்டம் ஒரு கைத்தடி. மூன்று வாதங்களுள் இதுவே வலிமையானது. எனினும் இது தனிமனிதர் தம் நலனுக்காகப் பட்டம் பெறுவதற்கான காரணமே தவிர, நிறுவனம் அதைக் கட்டாயமாக்குவதற்கான காரணம் அன்று.

அமெரிக்காவும் பாகிஸ்தானும் தரும் பாடம்

பட்டத்தை நெடுங்காலம் எதிர்பார்த்த நாடு அமெரிக்கா. அங்கும் அது அரசின் விதி அன்று. பெரிய நிறுவனங்கள் தாமே வகுத்துக்கொண்ட நடைமுறை. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் டெல்டா நிறுவனம் நான்காண்டுப் பட்டத்தைக் கட்டாயத் தகுதியிலிருந்து நீக்கி, விரும்பத்தக்க தகுதியாக மாற்றியது. விமானிப் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பட்டம் பாதுகாப்புக்கு இன்றியமையாததாக இருந்திருந்தால், பற்றாக்குறைக்காக அதைத் தளர்த்தியிருக்க மாட்டார்கள்.

அந்நாட்டுச் சட்டம் பட்டத்திற்கு வேறு வகையில் மதிப்புத் தருகிறது. 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் பஃபலோ நகருக்கருகே கோல்கன் நிறுவனத்தின் விமானம் வீழ்ந்து 50 பேர் இறந்தனர். அதன் பின், துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும் என்ற விதி வந்தது. ஒப்புதல் பெற்ற கல்லூரியில் விமானத்துறைப் பட்டமும் பறத்தல் பயிற்சியும் பெற்றவர்க்கு அது 1,000 மணியாகவும், ஈராண்டுப் படிப்பு முடித்தவர்க்கு 1,250 மணியாகவும், படைத்துறை விமானிகளுக்கு 750 மணியாகவும் குறைகிறது. படிப்பு அங்கே பூட்டு அன்று. பாதையைக் குறுக்கும் வழி. படித்தால் பயனுண்டு, படிக்காவிட்டாலும் கதவு அடைபடாது. இதுவே அறிவார்ந்த ஏற்பாடு. ஆயினும் அந்த விபத்துக்குள்ளான விமானத்தின் இரு விமானிகளும் 1,500 மணிக்கு மேல் பறந்தவர்களே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மணிக்கணக்கும் ஒரு தாள்தான். அதற்குள் இருக்கும் பயிற்சியின் தரமே பொருள்.

பாகிஸ்தானின் நிகழ்வு இதைவிடக் கசப்பானது. 2020ஆம் ஆண்டு மே மாதம் கராச்சியில் ஒரு பயணிகள் விமானம் குடியிருப்பின்மீது வீழ்ந்தது. அடுத்த மாதம் அந்நாட்டு விமானத்துறை அமைச்சர், 860 விமானிகளுள் 262 பேர் உரிமத் தேர்வைத் தாமே எழுதியவர்களா என்பது ஐயத்துக்குரியது என நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மறுஆய்வில் பலர்மீதான ஐயம் நீங்கியது. ஆனால் நம்பிக்கை உடைந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் அந்நாட்டுத் தேசிய விமான நிறுவனத்தைத் தன் வானில் பறக்க 2020 ஜூலை முதல் தடை செய்தது. 2024இன் இறுதியில்தான் அத்தடை நீங்கியது. இதிலிருந்து நாம் கற்பது: பாதுகாப்பின் அடித்தளம் தேர்வின் நேர்மை. தேர்வு நேர்மையாக இல்லாவிட்டால் எத்தனை பட்டங்களைக் கேட்டாலும் பயனில்லை. நேர்மையாக இருந்தால் பட்டம் கூடுதலாகச் சேர்ப்பது சிறிதே.

மொழி என்னும் தகுதி

விமானிக்கு உண்மையிலேயே இன்றியமையாத ஒரு கல்வித் தகுதியைச் சொல்ல வேண்டுமானால், அது மொழித் தெளிவு. 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் தெனரீஃப் தீவின் விமான நிலையத்தில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். மூடுபனியில் நின்ற ஒரு விமானத்திலிருந்து வந்த ஆங்கிலத் தொடருக்கு இருபொருள் இருந்தது: புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்றும் கொள்ளலாம், புறப்பட்டுக் கொண்டிருக்கிறோம் என்றும் கொள்ளலாம். கட்டுப்பாட்டு அதிகாரி முதற்பொருளைக் கொண்டார். விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. அதன் பின் 'டேக் ஆஃப்' என்னும் சொல்லைப் புறப்பட இசைவு தரும்போதும் அதைத் திருப்பிச் சொல்லும்போதும், அல்லது அந்த இசைவை நீக்கும்போதும் மட்டுமே ஆள வேண்டும் என்னும் ஒழுங்கு வந்தது.

2008 முதல் அனைத்துலக விமானிகளுக்கு ஆங்கிலப் பேச்சுத்திறன் ஆறு நிலைகளாக அளக்கப்படுகிறது. நான்காம் நிலையாவது வேண்டும். அந்நிலையில் உள்ளவர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் தேர்வுக்கு வர வேண்டும். இங்கே கேட்கப்படுவது இலக்கிய ஆங்கிலம் அன்று. இருபொருள் இல்லாத, சுருக்கமான, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் ஆங்கிலம்.

இது தமிழ்ப்பள்ளி மாணவர்க்குத் தடையா? தாய்மொழியில் ஒன்றைத் தெளிவாக எண்ணவும் சொல்லவும் பழகியவருக்கு மற்றொரு மொழியில் தெளிவு பெறுவது எளிது. தமிழ்ப்பள்ளியில் கணிதத்தின் 'ஏன்' என்பதைப் புரிந்துகொண்ட பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் இயற்பியலைக் கண்டு அஞ்சுவதில்லை. தடை தமிழில் இல்லை. ஆங்கிலம் பேசிப் பழக வாய்ப்பில்லாத சூழலில் உள்ளது. அதைக் களைவது பள்ளியும் பெற்றோரும் கழகங்களும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி.

உண்மையான மதில்

இப்போது தோட்டப்புறக் குடும்பத்தின் நிலையிலிருந்து கணக்கிடுவோம். நம் நாட்டில் வணிக விமானி உரிமத்திற்கான பயிற்சிச் செலவு ஏறத்தாழ 3 இலட்சம் ரிங்கிட். அதற்கு மேலும் ஆகலாம். 2025இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட். அவ்வூதியம் பெறும் ஒருவர், ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் 3 இலட்சத்தை எட்ட 177 மாதங்கள், அதாவது 14 ஆண்டு 9 மாதங்கள் ஆகும். விமானியாக விரும்பும் தோட்டப்பிள்ளையின் முன் நிற்கும் மதில் இதுவே.

இந்த மதிலுக்கு முன்னால் நான்காண்டுப் பட்டம் என்னும் மற்றொரு மதிலை எழுப்பினால் என்ன நேரும்? பட்டப்படிப்பின் செலவு முதலில். பயிற்சியின் செலவு பின்னர். பொருள் உள்ளவர்க்கு அது ஒரு தாமதம். இல்லாதவர்க்கு அது ஒரு முடிவு. தாமதத்திற்கும் விலை உண்டு. பெரும்பாலான விமான நிறுவனங்களில் ஊதியமும் தலைமை விமானி பதவியும் பணிமூப்பைப் பொறுத்தவை. அனைத்துலகப் பயணிகள் விமானத்தை ஓட்ட வயது வரம்பு 65. நான்கு ஆண்டு பிந்தி நுழைபவர் இழப்பது தொடக்க ஊதியத்தை அன்று. பணிக்காலத்தின் இறுதியில் வரும் உச்ச ஊதியத்தை.

ஆகவே என் முடிவு இது: விமான நிறுவனங்கள் பட்டத்தைக் கட்டாயமாக்கக் கூடாது. தொழிலுக்குத் தேவையானதை உரிமம் அளக்கிறது. அதை நேர்மையாகவும் கடுமையாகவும் அளப்பதே பயணிக்குக் காப்பு. பட்டத்தைக் கேட்பதால் பெரும்பாலும் வடிகட்டப்படுவது திறமையின்மை அன்று, ஏழ்மை.

பெற்றோர்க்கும் மாணவர்க்கும்

இம்முடிவைக் கேட்டுப் படிப்பு வேண்டாம் என்று எவரும் பொருள் கொள்ளக் கூடாது. பட்டம் கட்டாயம் இல்லாத தொழிலில் பள்ளிக்கல்வியின் பொறுப்பு இருமடங்காகிறது. கதவு திறப்பதும் மூடுவதும் படிவம் நான்கில் பாடம் தெரிவு செய்யும் நாளிலேயே தொடங்குகிறது. இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் அன்று விட்டுவிட்டால், பின்னர் எட்டிப்பிடிப்பது கடினம். பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். உரிமத் தேர்வு ஆண் பெண் என்று பார்ப்பதில்லை.

கடன் வாங்கும் முன் முதல் வகுப்பு மருத்துவச் சோதனையை முடித்துக்கொள்ளுங்கள். நிறப்பார்வைக் குறையோ இதயக் குறையோ பணம் கட்டிய பிறகு தெரியவந்தால், கனவும் போகும். வீடும் அடமானத்தில் நிற்கும். விமான நிறுவனமே தெரிவு செய்து பயிற்றுவிக்கும் திட்டங்களுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். உரிமம் பெற்றவர்க்கெல்லாம் வேலை உண்டு என்ற விளம்பர உரையை நம்ப வேண்டாம். 2010க்குப் பிந்திய ஆண்டுகளில் நம் நாட்டில் உரிமம் கையிலிருந்தும் வேலை கிட்டாத இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தனர். பயிற்சிப் பள்ளியிடம், சென்ற ஆண்டு முடித்தவர்களுள் எத்தனை பேர் விமான நிறுவனத்தில் சேர்ந்தனர் என்று கேளுங்கள். விடை எழுத்தில் வரவேண்டும்.

விமானி ஒருவரே விமானத்துறை அல்லர் என்பதையும் மறவாதீர்கள். விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமமும் தேர்வாலும் அனுபவத்தாலும் பெறப்படுவதே. அதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் நிபந்தனை அன்று. செலவும் விமானிப் பயிற்சியைவிட மிகக் குறைவு. சிப்பாங் நம் வாசலில் இருக்கும்போது, அங்கே கைத்திறனுக்கும் அறிவுக்கும் பல இருக்கைகள் உள்ளன. உரிமம் பெற்றுப் பணியில் அமர்ந்தபின் பகுதிநேரமாகப் பட்டம் பெறுவோரும் உண்டு. உடல்நலம் கைவிடும் நாளுக்கு அது நல்ல துணை.

கழகங்களும் கோயில் நிர்வாகங்களும் கல்வி நிதி அமைப்புகளும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். பலருக்குச் சிறுசிறு தொகையாகப் பகிர்ந்தளிக்கும் நிதியோடு, தகுதித் தேர்வில் வென்ற ஒருவர் இருவருக்கு முழுப் பயிற்சிக்கும் வட்டியில்லாக் கடன் தரும் நிதி ஒன்றும் நம்மிடம் இருக்கலாம். அவர் பணியில் சேர்ந்து திருப்பித் தரும் பணம் அடுத்தவரைப் பயிற்றுவிக்கும்.

புறநானூற்றின் 27ஆம் பாடல், ஓட்டுபவன் செலுத்தாமலே வானில் செல்லும் ஊர்தியொன்றைப் பற்றிப் பேசுகிறது. வானூர்தியை எண்ணிப் பார்க்கத் தமிழர்க்குச் சொல்லும் கற்பனையும் என்றோ இருந்தன. ஓட்டுபவரை உருவாக்கும் பொறுப்பே இன்று நம்முடையது. அதற்கு முதலில் வேண்டுவது பட்டம் அன்று. இயற்பியல் பாடநூலும், தயங்காமல் பேசும் நாவும், செலவைப் பங்கிடும் சமுதாயமும்.